துடைத்துவைத்த டப்பாக்கள்

கேரேஜில் விளக்கைப் போட்ட சாத்தப்பன் அப்படியே நின்றான்.

மேசை பளபளவென்று இருந்தது. தோட்டாவை அழுத்தி மூடும் கை எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும். தராசுக்கு ஒரு பொட்டு. மூலையில் கிடந்த திருப்புளிக்குக்கூட ஒரு பொட்டு.

நேற்று ஆயுத பூஜை. டெக்சாஸுக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் உமையாள் அதை மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. புல்வெட்டும் எந்திரத்தைக் கழுவி மாலை போடுகிறவள் புருஷனின் மேசையை மட்டும் சும்மா விடுவாளா?

அவன் வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்றாள். தொடவில்லை. சுண்டலைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான்.

இப்போதுதான் டப்பாக்களைப் பார்க்கிறான்.

கைத்துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களை வீட்டிலேயே செய்துகொள்கிறவன் அவன். சுட்ட பித்தளைக் கூட்டைக் கழுவி, புது வெடிமருந்தை அளந்து போட்டு, குண்டை வைத்து அழுத்த வேண்டும். எவ்வளவு மருந்து ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. குறைந்த அளவில் தொடங்கி, டப்பாவுக்கு டப்பா இம்மியாகக் கூட்டிக்கொண்டே போவது. பிறகு குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்ப்பது. துப்பாக்கி முகம் சுளிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவது. அதற்கு மேல் போனால் துப்பாக்கியே கையில் வெடித்துச் சிதறும்.

போன வாரம் அது முகம் சுளித்தது. கூடு அடி நசுங்கி வெளியே வந்து விழுந்தது. அதோடு நிறுத்தினான். அதற்கும் மேலே அளவு போட்ட கடைசி டப்பாவை அவன் தொடவே இல்லை. அதைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியில் மட்டும் எழுதிவைத்தான். சுடாதே.

சோம்பேறித்தனம். வேறென்ன சொல்ல.

மூடிகள் எல்லாம் இப்போது சுத்தமாக இருந்தன. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறாள். எழுதிய தடம்கூட இல்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

ஒரு தோட்டாவை எடுத்து உருட்டிப் பார்த்தான். பக்கத்து டப்பாவிலிருந்து இன்னொன்று. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. தராசில் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. கூட்டுக்குக் கூடு எடை மாறும். அதில் அந்த இம்மி மருந்து எங்கே தெரியப் போகிறது.

சரி, எல்லாவற்றையும் பிரித்துவிடலாம். சனிக்கிழமை போனால் போகட்டும். உமையாளிடம் வாயைத் திறக்கப் போவதில்லை. நல்ல நாளும் அதுவுமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

டப்பாக்களை முன்னால் இழுத்து வைத்தான்.

ஒன்று குறைந்தது.

மேசைக்கு அடியில் பார்த்தான். அலமாரியில் பார்த்தான். 

"உமை, இங்க இருந்த டப்பாவுல ஒண்ணக் காணோமே?"

சமையலறையிலிருந்து சாவகாசமாகப் பதில் வந்தது.

"காலையில ராய் வந்திருந்தாரு, நீங்க தூங்குறப்ப. அவருக்குன்னு ஒரு டப்பா போட்டு வச்சிருக்கேன்னு நீங்கதானே சொன்னீக. விஜயதசமியும் அதுவுமா வெறுங்கையோட ஏன் அனுப்பணும்? சுண்டலையும் குடுத்து அதையும் குடுத்து விட்டேன்."

ராய் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்தவன் செய்த தோட்டாவைச் சுடக்கூடாது என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் சாத்தப்பனை 'சாம்' ஆக்கிக்கொண்டவர், சாம் செய்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு சுடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். அவருடைய துப்பாக்கியோ அவரைவிடக் கிழடு. தோட்டா இரண்டுக்கும் ஒரே அளவுதான் என்றாலும், அதற்கென்று மருந்தைக் குறைத்து ஒரு டப்பா செய்திருந்தான். அதுவும் இந்த மேசையில்தான் இருந்தது.

அதைத்தான் கொடுத்தாளா?

போனில் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காதுக்கு மூடி போட்டிருப்பார்.

வேலிக்கு அப்பால் முதல் வெடி கேட்டது.

செருப்பில்லாமல் ஓடினான்.

இரண்டாவது.

அப்பாடா என்றிருந்தது. முதலாவது அவரை ஒன்றும் செய்யவில்லை.

"ராய்" என்று கத்தினான். காற்று எதிர்த்து அடித்தது.

மூன்றாவது. நான்காவது. சத்தம் கேட்கக் கேட்க அவனுக்கு உயிர் வந்தது. சுடட்டும். சுட்டுக்கொண்டே இருக்கட்டும். வேலியில் சட்டை மாட்டியது. கிழித்துக்கொண்டு தாண்டினான்.

ஐந்தாவது.

அது கொஞ்சம் கனமாகக் கேட்டதோ?

பிறகு ஒன்றுமில்லை. கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் ராயின் நாய் குரைத்தது.

ராயின் துப்பாக்கியில் தோட்டா போட ஆறு அறைகள். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் ஜாக்கிரதைக்காரர்கள் ஒரு அறையைக் காலியாக விட்டு ஐந்துதான் போடுவார்கள். ஐந்து முடிந்ததும் நின்று நிதானமாக நிரப்புவார்கள்.

ராய் ஐந்து போடுகிறவரா, ஆறு போடுகிறவரா என்று அவன் ஒருநாளும் கவனித்ததில்லை.

மரங்களுக்கு இந்தப் பக்கம், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காக நின்றான்.