குவாக்குக்கு வக்காலத்து

"உங்களுக்கு என்னப்பா தெரியும்? குவாக் மாதிரி ஒரு பிட்சர் இந்தப் பூசான்லயே கிடையாது."

வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மிரானின் காதில் முதலில் விழுந்தது தம்பி கிசொக்கின் இந்தக் குரல்தான்.

அப்பாவைப் பார்க்க சியோலிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீடு திரும்பிய மனுஷர். அவரிடம் போய் பேஸ்பால் மேட்சை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறான்.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. கண் மட்டும் கலங்கியது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்பவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தியே பழகிய தொண்டை.

"பரவாயில்லப்பா, மெதுவா வரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் நகரு. டிவியை மறைக்கிற" என்றான் கிசொக்.

எட்டாவது இன்னிங்ஸ். பூசான் அணி இரண்டு ரன் முன்னால் இருந்தது. அதுவரை நன்றாகப் பந்து எறிந்த பிட்சரை உட்காரவைத்துவிட்டு, மீதி ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுக்கச் சொல்லி குவாக்கை இறக்கியிருந்தார்கள். அவனோ வந்ததும் வராததுமாகக் கண்டபடி எறிந்து, மட்டையே வீசாத இரண்டு பேருக்குச் சும்மா வழிவிட்டிருந்தான்.

அப்பாவின் இடது கை மெத்தையில் பட்டென்று அடித்தது.

"எ... எடு..."

"எதுக்கு எடுக்கணும்? இப்பதான் பையனுக்குக் கை சூடாகியிருக்கு. இன்னும் நாலு மேட்சுக்கு அவன்தான் வரணும்."

"வே... வேணாம்..."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. மிரான் தம்பியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பிரஷர் ஏறினா என்னடா பண்ணுவே?"

"இப்பதான் பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

"வாய் பேச முடியாதவர்கிட்ட வாதாடி ஜெயிச்சு என்ன கிடைக்கப்போகுது? அவர் சொல்றதுக்கு ஆமான்னு சொல்லிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவே?"

"கஞ்சியைச் சூடு பண்ணுக்கா" என்று அவள் கொண்டுவந்த தூக்கைக் காட்டிவிட்டு, மறுபடி போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பிடித்த பிடியை விடமாட்டான். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னபோதே யோசித்திருக்க வேண்டும். பேசாமல் சியோலுக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தபடி கஞ்சியைக் கிளறினாள்.

டிவியில் ஓவென்று இரைச்சல். குவாக் எறிந்த பந்து மட்டையில் பட்டு, வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அவன் வழிவிட்ட இருவரும் சேர்ந்து ஓடிவர, எதிரணிக்கு ஒரே அடியில் மூன்று ரன். இருந்த முன்னிலையும் போயிற்று.

"தீ... தீயணைக்க வந்தவனே... தீ வைக்கிறான்..."

மிரான் கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். அப்பாதான்.

கிசொக் அப்போதும் விடவில்லை. "ஒரு பந்துதானேப்பா தவறிச்சு? நான் கோச்சா இருந்தா நாளைக்கும் குவாக்தான்."

"நீ... கோச்சா இருந்தா... டீம்... உருப்படாது."

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. அரைக் கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுக் களைத்துப் படுத்தார் அப்பா. தூங்கும்போதும் நெற்றியில் கோபம் மிச்சமிருந்தது.

'நேற்றைய ஆட்டத்தின் மறு ஒளிபரப்பு இத்துடன் நிறைவடைகிறது' என்றது டிவி.

"நேத்து மேட்சா இது? அப்ப தோத்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நேத்து பஸ்ல வரும்போது போன்ல பார்த்துக்கிட்டே வந்தேன். குவாக்கை நான் திட்டின திட்டுல, பக்கத்துல இருந்தவர் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டார்."

"பின்னே எதுக்குடா அப்பாகிட்ட அவனுக்கு வக்காலத்து வாங்கினே?"

கிசொக் அப்பாவின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டான்.

"நானும் சேர்ந்து திட்டினா, அவர் தலையை மட்டும் ஆட்டிட்டுச் சும்மா இருந்துடறார்க்கா."