தாயின் பெயருக்கான கட்டம்

“முத்தம்மா இருக்கிறா அக்கா. ஆனா இறந்தவங்கட கட்டத்தில இல்ல,” என்றான் எழுத்தர் ஹபீல்.

பழைய மரணப் பதிவேட்டில் ஊர்ந்துகொண்டிருந்த அவன் விரல் பாதியில் நின்றது.

இராஜேஸ்வரி கவுண்டர் மேசையில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். தெல்தோட்டையிலிருந்து கண்டிப் பதிவாளர் கந்தோருக்கு இது மூன்றாவது நடை. ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வருடப் பதிவுகளைத்தான் தேடுவார்கள். இன்று 1974க்கு வந்திருக்கிறார்கள்.

அம்மா முத்தம்மா இறந்த பதிவு கிடைத்தால், அம்மாவைப் பெற்றவர்களின் பெயர் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் இந்தியாவில் சொந்தங்களைத் தேட வேண்டும். வேறு பிடி எதுவும் இல்லை.

அவளை வளர்த்தது பிள்ளையில்லாத பெரியம்மா வேலாயி. எப்போது கேட்டாலும் ஒரே பேச்சு: “ஒனக்கு ரெண்டு வயசு. இந்தியாவுக்குக் கப்பலேற முந்தியே ஒங்கம்மா காய்ச்சல்ல போய்ட்டா. செத்தவள எதுக்குடி தோண்டுற?”

“எந்தக் கட்டத்துல தம்பி இருக்கு?”

“தாய்ட பேர்ல.”

ஹபீல் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினான்.

தாய்: முத்தம்மா.

காரணம்: சின்னமுத்துக் காய்ச்சல்.

வயது: இரண்டு.

இறந்தவர்: இராஜேஸ்வரி.

முத்தம்மாவுக்கு ஒரே பிள்ளைதான். அது அவள்தான்.

அறிவித்தவர் என்ற இடத்தில் வேலாயி என்றிருந்தது.

ஹபீல் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“நீங்க மௌத்தாகி அம்பது வருசமாம் அக்கா.” சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

பக்கத்தின் பின்னால் தாள்கள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினான். மூன்று கடிதங்கள். மூன்றும் இந்தியாவிலிருந்து வந்தவை. கடைசிக் கடிதம் போன வருடம் வந்தது.

‘நானும் வீட்டுக்காரரும் முதலில் கப்பலேறினோம். பிள்ளைக்குச் சின்னமுத்து. சுகமானதும் அக்கா கொண்டுவருவாள் என்று விட்டுவந்தேன். செத்துவிட்டதாகப் பத்திரம்தான் வந்தது. மனசு கேட்கவில்லை ஐயா. இன்னொரு தடவை பார்த்துச் சொல்லவும். இப்படிக்கு, முத்தம்மா.’

ஒவ்வொரு கடிதத்தின் கீழும் கந்தோர் அனுப்பிய பதிலின் பிரதி. மூன்றிலும் ஒரே வரி.

‘பதிவு சரியாக உள்ளது.’

கடிதத்தின் மேல் மூலையில் முகவரி முழுதாக இருந்தது. கதவிலக்கம், தெரு, ஊர்.

இராஜேஸ்வரி கையை நீட்டினாள்.

“பேனா ஒன்னு தாங்க தம்பி.”