பக்கத்துத் தொட்டிக்காரி

"ஐயையோ, என் மீனையெல்லாம் காணோம்!"

சுண்டு போட்ட கூச்சலில், பல்கலைக்கழக மீன் கூடத்துக் காவலாளி கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

கண்ணாடித் தொட்டி காலி. சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

மீன்வளப் படிப்பில் கடைசி வருஷம் சுண்டுவுக்கு. வற்றிக்கொண்டிருந்த ஓர் ஓடையிலிருந்து அள்ளி வந்து வளர்த்த குட்டி மீன்கள் அவை. இப்போது அந்த ஓடையே இல்லை. இதுகளும் போனால் அந்த இனமே போச்சு.

"விடியக்காலையில பக்கத்துத் தொட்டிப் பொண்ணு வாளியும் கையுமா ஓடுச்சும்மா" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார் காவலாளி.

"ராங்கியா? நினைச்சேன்!"

ராங்கி, சுண்டு வைத்த பெயர். முதல் வருஷத்திலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ராங்கி வளர்ப்பது கெண்டைக் குஞ்சுகள். எந்தத் தீனிக்கு எது எவ்வளவு வளர்கிறது என்று மாசக்கணக்காக எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், சுண்டு கையோடு பேராசிரியரைக் கூட்டி வந்தாள். பாவாடையெல்லாம் சேறாக ராங்கியும் எதிரே வந்தாள்.

"எங்கடி என் மீன்?"

"என் தொட்டியில. உன் தொட்டி விரிசல் விட்டு ஒழுகிடுச்சு. எல்லாம் தரையில துள்ளிட்டிருந்துச்சு. போன் போட்டா, நீதான் என் நம்பரை பிளாக் பண்ணி வெச்சிருக்கியே!"

சுண்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். உள்ளே குறுகுறுவென்று நீந்திக்கொண்டிருந்தன, அவள் மீன்கள். போன உயிர் திரும்பி வந்தது.

"உன் கெண்டையெல்லாம் எங்கம்மா?" என்றார் பேராசிரியர்.

"குளத்துல விட்டுட்டேன் சார். ரெண்டையும் சேர்த்து வெச்சா அவ மீன் பிழைக்காது. வேற தொட்டியும் காலியில்லை."

"குளத்துல ஏற்கெனவே கெண்டை மொய்க்குதே! உன்னோடது எதுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பே? ஆராய்ச்சி?"

"முதல்லேர்ந்துதான் சார். பட்டம் அடுத்த வருஷம் வாங்கிக்கிறேன்."

சுண்டுவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ராங்கியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நன்றிக்கடனை எப்படிடி தீர்ப்பேன்? என்னைக் கண்டாலே உனக்கு ஆகாதே. எனக்காகவா ஒரு வருஷத்தை விட்டே?"

ராங்கி கையை உதறிக்கொண்டாள்.

"உன்னைத்தான் எனக்குப் பிடிக்காது. மீன் என்னடி பண்ணுச்சு?"