தலைச்சாய்வு

மினியாபோலிஸின் மார்ச் மாதப் பனிவெளிச்சம் சமையலறை மேசைவரை வந்து நிற்கிறது. மனநல மருத்துவப் பயிற்சியில் என்னோடு படித்து ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தோழி மாரிட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது, எனக்கு இல்லை. இரண்டு மின்னஞ்சல்களும் ஒரே நிமிடத்தில் வந்தன. மற்ற துறைகளில் மிச்சமிருக்கும் காலியிடங்களுக்கு நான் நாற்பத்தைந்து விண்ணப்பங்கள்வரை போடலாம். குடும்ப மருத்துவப் பட்டியலை என் மடிக்கணினியில் அவள்தான் உருட்டிக்கொண்டிருக்கிறாள், தன் சந்தோஷம் சிரிப்பாக வந்துவிடாதபடி உதட்டைக் கடித்துக்கொண்டு. "வெள்ளிக்கிழமை யாருக்கு எந்த ஆஸ்பத்திரின்னு கவர் பிரிக்கிற விழாவுக்கு நான் போகலடி," என்கிறாள். "எனக்காக ஒண்ணும் தியாகம் பண்ண வேணாம், போயிட்டு வா," என்கிறேன். அவள் விரல் நிற்கிறது. தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்து, "இப்ப உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். நேர்காணலுக்கு முந்தைய நாள் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, நோயாளியிடம் அக்கறை காட்டும் அந்தச் சாய்வைப் பழக்கிவிட்டவள் நான். "கொஞ்சம் அதிகமா சாய்க்கிற," என்கிறேன்.