பட்டியலில் ஏழாவது

நூலக மேசையில் அந்தச் சீட்டை வைத்து ஓங்கி அறைந்தாள் கண்ணாடிக்கடை அக்கா. பேனா டப்பா ஒரு தடவை குதித்து உட்கார்ந்தது.

"இந்த ஏழு புத்தகமும் யார் வீட்டுல இருக்கு? எனக்கு இப்பவே தெரியணும்."

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். நான் அவளுக்குப் பின்னாலேயே நின்றேன். எதிர்வீட்டுக்காரி துணைக்கு வரவில்லை என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது பாருங்கள்.

கடை அவள் வீட்டுக்காரருடையது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார். துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் இன்று காலை கிடைத்தது இந்தச் சீட்டு. பார்வை அளவு எழுதிக் கொடுக்கிற காகிதம்தான். பின்பக்கத்தில் அவருடைய குண்டு குண்டு எழுத்து.

'அவசியம் படிக்க வேண்டியவை.' கீழே இரண்டு கோடு வேறு.

ஒரு கொலைக் கதை: 'பாதியிலேயே ஆளைப் பிடித்துவிட்டதாக நினைப்பாய். ஏமாறுவாய்.' எறும்புகளைப் பற்றி ஒன்று. கப்பலில் உலகம் சுற்றியவன் எழுதியது: 'முதல் நாற்பது பக்கம் பொறுத்துக்கொள்.' ஒரு சிறை டைரி. கவிதைப் புத்தகம்: 'ஒரு நாளைக்கு ஒன்று போதும்.' சிரிப்புக் கதைகள்: 'பஸ்ஸில் படிக்காதே.'

ஏமாறுவாய். பொறுத்துக்கொள். படிக்காதே. என்ன உரிமை, என்ன உரிமை!

எல்லாவற்றுக்கும் எதிரே டிக் அடித்திருந்தது. எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

ஆறு வரைக்கும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படித்திருக்கிறாள். ஏழாவதில்தான் அழுக்குத் துணி வாளியை எட்டி உதைத்தாள். சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது.

முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்காக ஒரு டாக்டர் எழுதிய புத்தகம். பக்கத்தில், 'இதை முதலில் படி.'

இருபத்தெட்டு வருஷத்தில் தன்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, இதைப் படி என்று ஒரு நாள் சொல்லியிருப்பாரா இந்த மனுஷன் என்று ஈரக் கையோடு வந்து என் கதவைத் தட்டினாள்.

நான் என்ன செய்வேன், வாய் சும்மா இருந்தால்தானே. போன வாரம், நல்ல மழையில், இந்த நூலக வாசலில் அவரைப் பார்த்ததைச் சொன்னேன். கூட ஒரு பெண். குடை மறைத்ததில் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. புத்தகப் பையை அவளைத் தொடவே விடாமல் இவரே தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டில் ஒரு காய்கறிப் பையைத் தூக்கியிருப்பாரா?

அக்காவின் கோபம் லேசுப்பட்டதில்லை. பெற்ற ஒரே மகளை, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, மூன்று வருஷமாக வாசற்படி மிதிக்க விடாத கோபம் அது. மகள் பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. நானும் எடுத்ததில்லை. அந்த வீட்டில்.

"சொல்றீங்களா, இல்ல நானே அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கட்டுமா?"

நூலகர் மிரண்டுபோய்க் கணினியைத் தட்டினார். அவர் மூக்கில் இருந்ததும் அக்கா வீட்டுக் கடைக் கண்ணாடிதான், பாவம்.

"ஏழும் ஒரே கார்டுலதாம்மா போயிருக்கு."

"அதான் கேக்குறேன், யாரு கார்டு?"

அவர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"உங்களுதுதாம்மா."

"எனக்கு ஏதுய்யா கார்டு? யார் காதுல பூ சுத்துறீங்க? இந்தக் கட்டடத்துக்குள்ள நான் கால் வைக்கிறதே இது ரெண்டாவது தடவை!"

கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது.

முதல் தடவையும் நான்தான் கூட வந்திருந்தேன். பதினைந்து வருஷம் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தனியாகக் கார்டு கிடையாது, அம்மா பேரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, இரட்டைப் பின்னலோடு நின்ற மகளின் கையில் கார்டைத் திணித்தாள். தொலைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்றாள்.

தொலைக்கவில்லை.

குடைக்குக் கீழே பார்த்த முதுகு யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடப் பையோடு எத்தனை வருஷம் என் ஜன்னலைத் தாண்டிப் போன முதுகு. இதைக்கூடக் கண்டுபிடிக்காமல் நானெல்லாம் என்ன எதிர்வீட்டுக்காரி?

அக்கா சீட்டை மறுபடி எடுத்தாள். கண் நேராக ஏழாவது வரிக்குப் போய் அங்கேயே நின்றது. 'இதை முதலில் படி.'

தோளைத் தொடப் போனேன். தட்டிவிட்டாள்.

ஒருவழியாகப் புயல் ஓய்ந்தது என்று நினைத்துவிட்டார் நூலகர். "நாளைக்குக் கடைசித் தேதிம்மா. ஏழு புத்தகத்துக்கு ஒரு வாரம் எப்படிப் பத்தும்? கார்டு உங்க பேர்ல இருக்கு, நீங்களே சொல்லுங்க. தேதியைத் தள்ளிப் போட்டுடட்டுமா?"

அக்காவின் மூக்கு நுனி சிவந்திருந்தது. குரல் மட்டும் ஒரு படி இறங்கவில்லை.

"ஆறைத் தள்ளிப் போடுங்க. ஏழாவதை நாளைக்கே திருப்பி வாங்கிடணும்."

"ஏம்மா? அது பிரசவப் புத்தகமாச்சே, அவங்களுக்கு வேண்டியிருக்குமே..."

மேசை இன்னொரு அறை வாங்கியது. இந்தத் தடவை பேனா டப்பா கீழேயே விழுந்துவிட்டது.

"அதுல இருக்கிறதெல்லாம் எனக்கே தெரியும். வேணும்னா வந்து என்கிட்ட கேக்கட்டும்!"