சிங்கப்பூர் வாசம்

தம்பி மனைவி ஜோஆன் கிறிஸ்மஸ் கேக் மாவில் தான் வேலை செய்யும் ஃபேக்டரியின் வெனிலா எசென்ஸை ஊற்றப் போனதும், அமலோற்பவம் புட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"உங்க ஃபேக்டரில மரத்தூளைக் காய்ச்சி எடுத்ததுதானே? மனுசன் சாப்பிடுற கேக் லா இது!"

புட்டி குப்பைத்தொட்டிக்குள் போனது. கைப்பையிலிருந்து இன்னொரு புட்டி வந்தது.

"சிங்கப்பூர்ல வாங்கினேன். மோந்து பாரு, இதான் அசல்!"

கேக் வெந்ததும் மாசாய் ஊரிலிருந்த தம்பி வீடே மணத்தது. அமலோற்பவத்துக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது துண்டை வாயில் திணித்தபடி கேட்டாள்.

"உங்க மரத்தூள்ல இந்த வாசம் வருமா?"

"வருதே அண்ணி." ஜோஆன் காலியான சிங்கப்பூர்ப் புட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். "அடியில அடிச்சிருக்கிற நம்பர் என் மெஷினோடது. சிங்கப்பூர் லேபிளையும் நாங்கதான் ஒட்டி அனுப்புறோம்."