மிளகாய் நெடி

அவள் மகளின் தலையை மூன்று முறை சுற்றினாள். கையில் காய்ந்த மிளகாய், கல்லுப்பு, தெருமண்.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. நாலு வயது. பட்டப்பகலில் வாடிய கீரையாய்க் கிடந்தாள்.

அவள் கணவன் கதவோரம் நின்றான். கட்டில்மேல் கழற்றிப் போட்டிருந்த சட்டையின் பையைத் தடவிப் பார்த்தாகிவிட்டது. காலி.

கஞ்சா கலந்த சாக்லேட். வேலை அலுப்புக்கென்று மில் வாசலில் வாங்கியது. பிள்ளைகள் புழங்கும் வீட்டில், மிட்டாய்த் தாளில் சுற்றிய விஷத்தைக் கைக்கெட்டும் இடத்தில் போட்டுவைத்த மகாபுத்திசாலி.

“எது கிடைச்சாலும் தம்பிக்குப் பாதி குடுக்காம திங்காத புள்ள. எந்தப் பாவி கண்ணு பட்டுதோ,” என்று அவள் அழுதாள்.

கொட்டாங்குச்சித் தணலில் மிளகாய் வெடித்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா சளி பிடித்த மூக்கை உறிஞ்சினாள்.

“நெடியே வரல பாத்தியா. கண்ணேறுதான்.”

அழுது அடைத்த மூக்கோடு அவளும் தலையாட்டினாள்.

அவனுக்கு மட்டும் தொண்டை கமறியது.

இருமலை விழுங்கினான்.

“ஆமா, கண்ணேறுதான்,” என்றான்.

அந்தச் சொல்லில் ஒரு மணி நேரம் போயிற்று.

பிறகு மகளின் உதடு வெளுத்தது. தொட்டிலில் தூங்கிய சின்னவனைப் பேச்சியக்காவிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் ஓடினார்கள்.

டாக்டர் இமையை விரித்து டார்ச் அடித்தார். “வீட்ல மாத்திரை, மருந்து ஏதாவது முழுங்கினாளா?”

“இல்ல சார்,” என்றான். அப்போதும்.

நர்ஸ் மகளின் கவுனைக் கழற்றினாள். அதன் பையிலிருந்து நாலாய் மடித்த மிட்டாய்த் தாள் விழுந்தது. குப்பையைக் கீழே போடக்கூடாது என்று பால்வாடி டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

டாக்டர் தாளை முகர்ந்தார். அவனைப் பார்த்தார்.

“ஒண்ணுதான் சார் இருந்துச்சு,” என்றான் தரையைப் பார்த்து.

“அது முழுசையும் இவதான் சாப்பிட்டாளா?”



அவள் அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. போனை அழுத்தினாள்.

“அக்கா, தம்பி எப்படியிருக்கான்?”

பேச்சியக்காவின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

“அவனுக்கென்ன, நீங்க போனதுலேர்ந்து அசையாமத் தூங்குறான். எதுக்கும் இருக்கட்டும்னு அவனுக்கும் சுத்திப் போட்டேன். நெடியே வரல.”